இளகிய கொழுப்பு

காலையில் கொக்கியில் மாட்டும்போது நல்ல சிவப்பாக இருந்த தொடைக்கறி, மதியம்கூட ஆகவில்லை, ஆறிப்போன டீயின் நிறத்துக்கு வந்துவிட்டது. கடைக்காரர் அதைக் கண்ணாடிப் பெட்டியின் முன்வரிசையிலிருந்து பின்னால் தள்ளினார். பிறகு வெளியே எடுத்துப் பார்த்தார். பிறகு மறுபடி உள்ளே வைத்தார். எங்கே வைத்தால் என்ன, கறுத்த கறி கறுத்ததுதான்.

கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வரும் பதில் நேராகப் போய்த் தன் தம்பியின் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கடைக்கு மாடு வருவது அவள் தம்பியின் கொட்டகையிலிருந்துதான். வேறெங்கிருந்தும் இல்லை. ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்தைத் தாண்டினால் அவனுடைய கொட்டகை. இளங்காளைகளாக வாங்கி, புல்லில் விட்டு வளர்த்து, கடைசி மாதங்களில் கட்டிப்போட்டு உடைத்த சோளமும் தவிடும் வைக்கோலும் கொடுத்துத் தேற்றுவான். அப்படித் தேறிய மாட்டின் கறியை அறுத்தால் சிவப்புக்குள் வெள்ளைக் கொழுப்பு நூல் நூலாக ஓடியிருக்கும். வேகும்போது அந்த நூல்தான் உருகிக் கறியைப் பூப்போல ஆக்கும். “இவன் மாட்டைக் கடிக்கப் பல்லே வேண்டாம்” என்று வயதானவர்கள் சொல்லி வாங்கிப் போவார்கள்.

வீட்டில் அவனுக்குப் பெயர் தவிடு. சின்ன வயதில் அக்காள் அவனைச் சீண்டுவதற்காக, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம், நீ எங்கள் வீட்டுப் பிள்ளையே இல்லை என்று சொல்லிச் சொல்லி, அவன் அழுது அழுது, அந்தப் பெயரே நின்றுவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தால் மாட்டுக்குத் தீவனம் வைக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவான். அக்காளும் மாமாவும் மாடுகளும்தான் அவனுக்குக் குடும்பம்.

அந்தக் குடும்பத்தில்தான் இப்போது விரிசல்.

முதலில் கொழுப்பு. குளிர் அறையில் ஓர் இரவு தொங்கினால் மெழுகுபோல இறுகிவிட வேண்டிய கொழுப்பு, இறுகவில்லை. விரல் வைத்தால் ஒட்டியது. கத்தி வழுக்கியது. அடுத்தது நிறம். அப்புறம் ஆலை கேன்டீனில் சமைக்கும் அம்மாள் வாங்கிப்போன பொட்டலத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நல்ல மனுஷி, சத்தம் போடவில்லை. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“தப்பா நினைக்காதீங்கண்ணே. சட்டியில போட்டா, புதுசா பெயின்ட் அடிச்ச கதவு மாதிரி வாசம் வருது. இதை எப்படி நான் ஆளுங்களுக்குப் போடுவேன்?”

கடைக்காரர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அன்று மாலை மச்சினனுக்குப் போன் போட்டார். கிழட்டு மாட்டை அனுப்புகிறாயா, நோய் மாட்டை அனுப்புகிறாயா, இல்லை யாராவது விலை மலிவாக மக்கிப்போன தீவனத்தைத் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்டார். அந்தப் பக்கம் அதிகம் பேச்சில்லை. அடுத்த மாடும் இப்படியே வந்தால் வெளியூர் வியாபாரியிடம் வாங்கப் போகிறேன் என்று கடைசியாக ஒரு வார்த்தை விட்டார். அதற்கு மட்டும் பதில் வந்தது. தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள் மாமா, நான் மாட்டையெல்லாம் விற்றுவிட்டு லாரி ஓட்டப் போகிறேன், நீண்ட தூர வண்டிக்கு ஆள் கேட்கிறார்கள் என்றானாம்.

போனை வைத்துவிட்டு, “உன் தம்பிக்குக் கொழுப்பு” என்றார் கடைக்காரர். மாட்டில் இறுக வேண்டியது இவனிடம் போய் இறுகிவிட்டது என்று முணுமுணுத்தபடி வெட்டுக்கட்டையைத் தேய்க்கப் போய்விட்டார்.

அவள் சிரிக்கவில்லை. லாரி என்றதிலேயே அவள் மனம் நின்றுவிட்டது. அவன் வீம்புக்குச் சொல்கிற ஆள் இல்லை. மாமா வாங்கவில்லை என்றால் அவன் மாடு வளர்ப்பதற்கு அர்த்தமில்லை. நீண்ட தூர வண்டியில் ஏறினால் மாதத்துக்கு ஒருநாள் முகம் பார்த்தால் அதிகம். அதைவிட இன்னொன்று உறுத்தியது. பத்து வார்த்தை திட்டினால் பதினொரு வார்த்தை திருப்பிக் கொடுப்பவன், மாட்டைப் பற்றி ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தான்? மடியில் கனமிருக்கிறவனுக்குத்தான் வழியில் பயம்.

மறுநாள் கணவர் கடை திறந்ததும் அவள் நடக்கப் போவதாகச் சொன்னாள். நெஞ்சடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். கணவர் செருப்பை எடுத்துப் போட்டு, மெதுவாகப் போ, மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள் என்றார். பஸ் ஏறி நடக்கப் போகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கொட்டகை வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. உள்ளே மாட்டு டாக்டரம்மா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சாணியைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தான். அக்காளைக் கண்டதும் முகம் சுண்டிப்போயிற்று.

“பஸ்லயா வந்தே? மாமா விட்டாரா?”

“நான் நடக்கப் போயிருக்கேன். நீ உன் வேலையைப் பாரு.”

அவள் மாடுகளைப் பார்த்தாள். அவளும் கறிக்கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள். உயிரோடு நிற்கும் மாட்டின் முதுகைத் தடவியே உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு சொல்வாள். வால் அடியில் உருண்டு வர வேண்டிய சதை வரவில்லை. வைக்கோல் போட்டது போட்டபடி கிடந்தது. ஒன்றிரண்டைத் தவிர எதுவும் அசைபோடவில்லை. சாணி நீர்த்து, மேலே பளபளவென்று ஏதோ மினுங்கியது. தொட்டியின் விளிம்பில் விரலை வைத்து மோந்து பார்த்தாள். எண்ணெய். நல்ல எண்ணெய்தான், ஆனால் மாட்டுத் தொட்டியில் அதற்கு என்ன வேலை?

டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆளி விதை எண்ணெய் என்று தம்பி ஒப்புக்கொண்டிருந்தான். எவ்வளவு என்றதற்கு, தவிட்டில் ஊற்றிப் பிசைகிற சொம்பைக் காட்டினான். டாக்டரம்மா அந்தச் சொம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய புளிக்கவைக்கும் பானை மாதிரி. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் உள்ளே உட்கார்ந்து வைக்கோலைச் செரித்துக் கொடுக்கின்றன. அவைதான் உண்மையில் மாட்டுக்குச் சமையல்காரர்கள். எண்ணெயை இப்படி ஊற்றினால் வைக்கோலின்மேல் பூச்சாகப் படிந்துகொள்ளும், சமையல்காரர்களால் அதை நெருங்க முடியாது, நிறைய பேர் செத்தும் போவார்கள். மாடு தின்பது குறையும், தேறாது, கறிக்குள் நூல் ஓடாது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், செரிமானத்தில் தப்பித்துப் போகிற கொஞ்ச எண்ணெய் கறியின் கொழுப்போடு சேர்ந்துகொள்ளும். அது இளகின சாதி. குளிரில் இறுகாது. காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும், கூடவே கறியின் நிறத்தையும் கெடுக்கும்.

தீவனத்தில் கொழுப்பே சேர்க்கக் கூடாது என்று இல்லை, சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், விதையை உடைத்து அளவாகப் போட்டு, நிறம் கெடாமலிருக்க வைட்டமினும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்றாள். “நீங்க தாளிக்கிற மாதிரி ஊத்தியிருக்கீங்க. யாரு சொன்னா உங்களுக்கு?”

தம்பி தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனான். தண்ணீர்த் தொட்டி நிரம்பித்தான் இருந்தது.

அக்காள் பின்னாலேயே போனாள். அவன் வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுத் திறக்காமல் நின்றான்.

“யாரு சொன்னாடா?”

“யாரும் சொல்லலை.”

“யாரும் சொல்லாம நீ தலைக்கே எண்ணெய் வைக்க மாட்டே. மாட்டுக்கு வைக்கிறியா?”

அவன் வாளியின் காதைத் தூக்கித் தூக்கிப் போட்டான். பிறகு சொன்னான். அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது வெளியே உட்கார வைத்த இடத்தில் ஒரு டிவி ஓடியதாம். அதில் யாரோ ஆளி விதை நெஞ்சுக்கு நல்லது என்று சொன்னார்களாம். அதைத் தின்ற மாட்டின் கறியிலும் அந்த நல்லது கொஞ்சம் இறங்கும் என்று சொல்லும்போதே நர்ஸ் வந்து கூப்பிட்டுவிட்டாளாம். மீதியை அவன் கேட்கவில்லை.

“மீதியைக் கேக்காமலே இத்தனை மாட்டுக்கும் ஊத்துனியா?”

“அன்னிக்கு டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு? இனிமே கொழுப்பு ஆகாது, கறி குறைச்சுக்கணும்னாரு. நீ தலையை ஆட்டிட்டே. அப்புறம் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டே.” அவன் குழாயைத் திறந்தான், சத்தத்துக்குப் பின்னால் பேசினால் சுலபமாக இருக்கும் என்பதுபோல. “நெஞ்சுக்கறின்னா உனக்கு உசுரு. நீ சாப்பிடற மாதிரி ஒரு மாடு வளக்கலாம்னு பாத்தேன். எது உனக்குன்னு அறுப்பாங்கன்னு தெரியாதுல்ல, அதான் எல்லாத்துக்கும்.”

அவளுக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் குழாயை மூடினாள். வாளி வழிந்துகொண்டிருந்தது.

“மாமாகிட்டச் சொல்றதுக்கு என்ன?”

“என்னன்னு சொல்றது? உங்க வியாபாரத்தைக் கெடுத்தது அக்காவுக்காகத்தான்னா? அப்புறம் நீ அந்த வீட்டுல எப்படி இருப்பே?” கொஞ்சம் நிறுத்தி, “முதல் மாட்டுலயே, அறுத்த இடத்துல நின்னு நெஞ்சுக்கறி தனியா எடுத்து, உனக்குன்னு சொல்லி மாமாகிட்டக் கொடுத்துவிட்டேனே. ஒண்ணும் சொல்லலியே நீ. நல்லா இல்லையோன்னு நினைச்சேன்” என்றான்.

அவளுக்கு அப்படி ஒன்றும் வந்து சேரவேயில்லை.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி சொல்லாததை அக்காள் சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டாள், கேலியாக இல்லை. சொம்பு சொம்பாக ஊற்றினாலும் மாட்டு வயிறு அதில் பெரும்பகுதியை மாற்றிவிடும், கறிவழியாக உங்களுக்கு வந்து சேருவது ஒரு சிட்டிகைதான் இருக்கும் என்றாள்.

“மாட்டைச் சுத்தி எதுக்கும்மா வரணும்? உங்க டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு அந்த விதையைப் பொடி பண்ணி நீங்களே சாப்பிட்டுருங்க. மாடாவது பிழைக்கும்.”

எண்ணெயை இன்றே நிறுத்தச் சொன்னாள். சோளத்தையும் குறைத்து, முதலில் நல்ல வைக்கோலாகக் கொடுத்து வயிற்றைத் திருப்ப வேண்டும், பிறகு மெல்ல மெல்லப் பழைய தீவனத்துக்கு வர வேண்டும். அசைபோடுவது சீக்கிரம் திரும்பிவிடும். ஆனால் உடம்பில் சேர்ந்த கொழுப்பு ஒரே நாளில் மாறாது, மாதக் கணக்கில் ஆகும், அதுவரை இவற்றை அறுக்கக் கொடுக்காதீர்கள் என்றாள்.

அதுவரை கடைக்கு மாடு எங்கே? வெளியூர் வியாபாரியிடம்தான். வியாபாரியிடம் போன மாமா திரும்பத் தன்னிடம் மாடு வாங்க வருவாரா என்று தம்பி கேட்கவில்லை. அவன் முகம் கேட்டது.

அவள் கடைக்கு வந்தபோது கூட்டம் ஓய்ந்திருந்தது. கணவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப தூரம் நடந்துவிட்டாயே, முகம் சிவந்திருக்கிறதே என்றார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நிதானமாகக் கேட்டாள்.

“என் தம்பி எனக்குன்னு கொடுத்துவிட்ட நெஞ்சுக்கறி எங்கங்க?”

கத்தி நின்றது. கடைக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். தெரியாதவர் பொய் சொல்ல ஆரம்பித்தால் முதலில் காது சிவக்கும். சிவந்தது.

“பக்கத்துத் தையல்காரர் நாய்க்குப் போட்டேன்” என்று உண்மையையே சொல்லிவிட்டார். “நீ பாத்தா கேப்பே. கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது. அதான் வீட்டுக்கே கொண்டு வரலை.”

“நாயாவது சாப்பிட்டுச்சா?”

அவர் தலையைச் சொறிந்தார். “மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. வயித்துக்குச் சரியில்ல போலிருக்குன்னு நினைச்சேன்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மாரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததால் அவர் பயந்துபோய்க் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். பிறகு சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு இன்னொன்று புரிந்தது.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. புது மாடு வந்தால் விற்பனைக்கு முன்னால் பின்கட்டில் ஒரு துண்டை உப்பு மட்டும் போட்டு வதக்கி, பாதி அவர், பாதி அவள் வாயில் போட்டுப் பார்ப்பார்கள். அவள் தலையசைத்தால்தான் கறி கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அவளுக்கு ஆகாது என்றான பிறகு அவராவது அந்தத் துண்டை வாயில் போட்டிருந்தால் பெயின்ட் வாசம் முதல் மாட்டிலேயே தெரிந்திருக்கும். கேன்டீன் அம்மாள் வந்து சொல்லும்வரை தெரியவில்லை என்றால்?

“நீங்க ருசி பாக்கறதை விட்டுட்டீங்களா?”

அவர் குனிந்து கத்தியைத் தேடினார்.

“எப்ப இருந்து?”

“நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுல இருந்து.” அவர் தரையில் கிடந்த கத்தியை எடுத்துத் துடைத்தார். “உனக்கு இல்லைன்னுட்டு நான் மட்டும் பின்கட்டுல நின்னு தின்னா தொண்டையில இறங்குமா? வாசம் வந்தா உனக்கு ஆசை வரும். கறிக்கடைக்காரன் கறி தின்னாம இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டிவியை, ஆளி விதையை, சொம்பை, மாட்டு வயிற்றுச் சமையல்காரர்களை. கடைக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். சொம்பு வந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒருத்தன் எனக்குக் கறி கொடுக்கணும்னு மாட்டைக் கெடுத்தான்” என்றாள் அவள். “இன்னொருத்தர் எனக்குக் கொடுக்கக் கூடாதுன்னு வாயைக் கட்டினார். ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டாக்டர் அடியோட விடச் சொல்லலைங்க. கொழுப்பில்லாத துண்டு எப்பவாவது கொஞ்சம் சாப்பிடலாம்னுதான் சொன்னாரு. நீங்கதான் காதுல பாதி வாங்கினீங்க. அவன் டிவியில பாதி கேட்டான். நல்லா சேர்ந்தீங்க மாமனும் மாப்பிள்ளையும்.”

இப்போது அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவன் லாரிக்குப் போய்விடுவான், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்றாள். வியாபாரம் உங்களுடையது, கெட்ட கறியை விற்கச் சொல்ல மாட்டேன், ஆனால் அவன் போய்விட்டால் எனக்கு வேறு தம்பி இல்லை என்றாள்.

கடைக்காரர் வெளியே போய் ஷட்டரைப் பாதி இழுத்தார். இந்த நேரத்தில் கடை மூடி யாரும் பார்த்ததில்லை. தையல்காரர் எட்டிப் பார்த்து, என்ன, அம்மாவுக்கு மறுபடியும் உடம்பா என்று பதறினார். மச்சினனுக்குத்தான் உடம்பு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

தம்பி வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். எண்ணெய் டின்களைக் கொட்டகைக்கு வெளியே அடுக்கியிருந்தான். மாமாவைக் கண்டதும் வைக்கோலைக் கையில் பிடித்தபடியே நின்றான். கடைக்காரர் நேராகப் போய் முதல் மாட்டின் வாலடியைப் பிடித்துப் பார்த்தார், விலாவில் கை வைத்தார், அடுத்ததற்குப் போனார். கடைசி மாட்டுவரை போய்த் திரும்பினார். சிவப்பில் வெள்ளைத் திட்டுள்ள ஒரு செம்மறைக் காளை மட்டும் படுத்தபடி தாடையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து கொஞ்சநேரம் அதையே பார்த்தார்.

“இது தேறிடும்” என்றார். “மத்ததும் தேறும். நாளாகும்.”

“அதுவரைக்கும் நீங்க வியாபாரிகிட்ட வாங்கிக்கணும் மாமா.”

“வாங்கிக்கறேன். ஜனங்க கேட்டா, எங்க மாட்டுக்கு வயிறு சரியில்லை, சரியானதும் வரும்னு சொல்லிக்கறேன்.” எழுந்து வேட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினார். “வாராவாரம் வந்து பாப்பேன். லாரி கீரின்னு எங்கயாவது கிளம்பினே, இந்த மாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு வந்து உன் வண்டி முன்னாடி படுக்க வெச்சிடுவேன்.”

தம்பி மூக்கை உறிஞ்சினான். வைக்கோல் தூசி என்று சொல்லிக்கொண்டான். அக்காள் கொட்டகை வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளை வண்டியில் பின்னால் உட்காரவைத்துத்தான் கடைக்காரர் வந்திருந்தார். வழியெல்லாம் பிடித்துக்கொள், பிடித்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே. இப்போது அவள், இரண்டு பேரும் ஒரே கட்டு வைக்கோலை ஆளுக்கொரு முனையில் பிடித்து உதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அள்ளி அள்ளிப் போட்டார், தம்பி அதில் பாதியைத் திருப்பி எடுத்தான்; ஒரேயடியாகப் போட்டால் மிதித்துப் பாழாக்கும் என்றான். நீ சொம்பில் ஊற்றியதைவிடவா என்றார் மாமா.

கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். அவளுக்குக் கேட்காது என்று நினைப்பு.

“மாப்ளே, இனிமே அக்காவுக்குன்னு எதாவது செய்யறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்.”

“சொன்னா விட்டிருப்பீங்களா மாமா?”

கடைக்காரர் யோசித்தார்.

“விட்டிருக்க மாட்டேன். நானே டின்னைத் தூக்கிட்டு வந்திருப்பேன்” என்றார்.